நாடியின் நடையும் ஓடுபவரின் அறிவும்

நெடுந்தூர ஓட்டத்துக்குப் பயிற்சி பெறுவோர் மணிக்கட்டில் கட்டும் கடிகாரமும் மார்பில் அணியும் பட்டையும், இதயம் நிமிடத்துக்கு எத்தனை முறை துடிக்கிறது என்பதை ஓட்டம் நெடுகிலும் எண்ணாகக் காட்டிக்கொண்டே இருப்பதால், விரலால் நாடி பார்த்த காலத்தில் அரிதாகவே எழுந்த ஒரு கேள்வி இன்று ஒவ்வொரு காலையிலும் எழுகிறது. உடல் இலகுவாக இருப்பதாக ஓடுகிறவர் உணரும் வேளையில் எண் 165 என்று நின்றாலோ, கால் கனத்து மூச்சு முட்டும் வேளையில் அது 130-ஐத் தாண்ட மறுத்தாலோ, இரண்டில் எதை நம்புவது என்பதே அக்கேள்வி. பயிற்சி நூல்கள் இதை நடைமுறைச் சிக்கலாகக் கருதி நாலைந்து வரிகளில் தீர்த்துவிடுகின்றன. ஆயினும் உடலைப் பற்றிய அறிவு எந்த வழியில் கிடைக்கிறது, அந்த வழிகளுள் ஒன்றை மற்றொன்று மறுக்கும்போது தீர்ப்புச் சொல்லும் உரிமை எதற்கு என்பது மெய்யியலின் மிகப் பழைய வழக்கு. ஓட்டப் பயிற்சி அதைப் புதிய இடத்தில் மீண்டும் விசாரணைக்குக் கொண்டுவந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இதைத் தமிழில் எண்ணிப் பார்ப்பதற்கு ஒரு வசதி உண்டு. அளக்கும் செயலையும் உண்மையை அறியும் வழியையும் இம்மொழி அளவை என்ற ஒரே சொல்லால் குறிக்கிறது: நாழியும் மரக்காலும் முகத்தல் அளவைக்கு உரியவை, வடநூலார் பிரமாணம் என்பதும் அளவையே. 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், பிற சமயத்தார் எண்ணும் பலவகை அளவைகளையும் ஆராய்ந்து, அவை யாவும் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடங்கும் என்று முடிக்கிறது. பொறி, மனம் முதலியவற்றால் நேரே அறிவது காண்டல். கண்ட ஓர் அடையாளத்தைக் கொண்டு காணாத ஒன்றைத் துணிவது கருதல். நம்பத்தக்கவர் சொல்லால் அறிவது உரை. மணிமேகலையில் அறவண அடிகள் வாயிலாகப் பேசும் பௌத்த அளவை நூலோ காண்டலையும் கருதலையும் மட்டும் ஏற்று, மற்றவற்றைக் கருதலுக்குள் அடக்கிவிடும். துடிப்பு எண்ணை நம்பி ஓடுகிறவர் அதை இவற்றுள் எதில் சேர்க்கிறார் என்று கேட்டால், பெரும்பாலும் காண்டல் என்றே விடை வரும். கண்முன் தெரிகிற எண்ணை வேறு எப்படிச் சொல்வது என்று அவர் வியக்கவும் கூடும். குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

கண் காண்பது எண்ணை, இதயத்தை அன்று. பின்லாந்தின் ஊலு பகுதியில் 1977-இல் தொடங்கப்பட்ட போலார் நிறுவனம், பனிச்சறுக்கு வீரர்களின் பயிற்சிக்கு உதவும் நோக்குடன், கம்பி இல்லாமல் மார்பிலிருந்து மணிக்கட்டுக்குச் செய்தி அனுப்பும் கருவியை 1982-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் வழிவந்த மார்புப் பட்டையைத் தண்ணீரால், அவசரத்தில் எச்சிலால், நனைத்து அணிவது இன்றும் வழக்கம். ஈரம் இருந்தால்தான் இதயத் தசை சுருங்குவதற்கு முன் எழும் நுண்ணிய மின் அலையைத் தோல் வழியாகப் பட்டை வாங்கிக்கொள்ளும். மணிக்கட்டுக் கடிகாரமோ மின் அலையைத் தேடுவதில்லை. அதன் அடிப்புறத்தில் எரியும் பச்சை விளக்கின் ஒளியில் ஒரு பகுதியைக் குருதி உறிஞ்சுகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் தோலடிக் குருதி கூடிக் குறைவதால் திரும்பி வரும் ஒளியும் ஏறி இறங்குகிறது. அந்த ஏற்ற இறக்கத்திலிருந்து துடிப்பு இத்தனை என்று கடிகாரம் கணிக்கிறது. புகையைக் கண்டு நெருப்பைத் துணிவதுபோல் ஒளியைக் கொண்டு துடிப்பைத் துணியும் இச்செயல் கருதல் அளவையேயன்றி வேறில்லை. கருதிய வேலையைக் கடிகாரமே செய்துவிட்டு முடிவை மட்டும் காட்டுவதால் அது காண்டல்போல் தோன்றுகிறது.

கருதலுக்கே உரிய பிழைகளும் இதனால் எண்ணோடு ஒட்டிக்கொண்டு வருகின்றன. ஓடுகிறவரின் கால் நிமிடத்துக்கு 160 முதல் 180 முறை வரை தரையில் படுவது இயல்பு. ஒவ்வோர் அடியிலும் கை அதிர, மணிக்கட்டில் கடிகாரம் சற்றே தளர்ந்திருந்தால், அந்த அதிர்வால் உண்டாகும் ஒளி மாற்றத்தைத் துடிப்பு என்று கடிகாரம் எடுத்துக்கொள்வது உண்டு. மெல்லோட்டத்தில் இதயம் 135 முறைதான் துடித்திருக்க, எண் 172 என்று அசையாமல் நிற்கும். நிற்பது இதயத்தின் எண் அன்று, பாதத்தின் எண். கயிற்றைப் பாம்பு என்று காண்பதைத் திரிபுக் காட்சி என்பார்கள்; இங்கே காலின் நடை நாடியின் நடையாகத் திரிந்து தெரிகிறது. நடை என்ற சொல் இங்கு உவமைக்காக வந்ததன்று. சித்த மருத்துவம் நாடியின் போக்கை நாடி நடை என்றே வழங்குகிறது. மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து, ஆள்காட்டி விரலின்கீழ் வாதத்தையும் நடுவிரலின்கீழ் பித்தத்தையும் மோதிர விரலின்கீழ் ஐயத்தையும் தேறும் வைத்தியர், வாதநாடி அன்னம், கோழி, மயில்போல நடக்கிறதா, பித்தநாடி ஆமை, அட்டைபோல ஊர்கிறதா, ஐயநாடி பாம்பு, தவளைபோல நெளிந்தும் குதித்தும் செல்கிறதா என்று பார்ப்பார். அந்த மரபில் நாடி எத்தனை என்பதைவிட எத்தகையது என்பதே முதற்கேள்வி. மேற்கிலும் நாடியை எண்ணும் வழக்கம் நிலைபெற நெடுங்காலம் ஆயிற்று. அலெக்சாந்திரியாவில் ஹெரோஃபிலஸ் நீர்க்கடிகாரத்தால் நாடியை அளந்ததாகச் சொல்லப்பட்டாலும், 1707-இல் ஜான் ஃப்ளோயர் என்ற ஆங்கில மருத்துவர் ஒரு நிமிடம் ஓடி நிற்கும் கடிகாரத்தோடு நாடியை எண்ணும் முறையை நூலாக எழுதிய பின்னரே எண் மெல்ல மெல்ல மற்றத் தன்மைகளை ஒதுக்கிவிட்டு முன்னே வந்தது. எண்ணத் தொடங்கியதால் கிடைத்த நன்மைகள் பெரியவை. அவற்றைக் குறைத்துப் பேசுவது நன்றியின்மை. இருப்பினும் எண்ணுவதற்கு வசதியான கூறு எதுவோ அதுவே நாடியின் சாரம் என்று கொள்ளும் மனப்பழக்கமும் அதனோடு சேர்ந்தே வந்தது.

எண் பிழையின்றி வந்துவிட்டதாகவே கொள்வோம். 150 என்ற துடிப்பு உண்மை; அதிலிருந்து ஓடுகிறவர் துணிய விரும்புவது தம் உழைப்பின் அளவை. துடிப்பு மிகுந்தால் உழைப்பு மிகுதி என்ற இந்த இரண்டாவது கருதலே பயிற்சிக்கு அடித்தளம், அதுவே கூடுதல் ஆட்டமும் உடையது. மணிமேகலை ஏதுப்போலிகளை வகுக்கும் இடத்தில் அநைகாந்திகம் என்று ஒன்றைச் சொல்கிறது. ஏது என்பது துணிவதற்குக் காரணமாகக் காட்டும் அடையாளம். அது துணியப்படும் பொருள் உள்ள இடத்திலும் இல்லாத இடத்திலும் ஒருங்கே காணப்படுமானால் எதையும் நிறுவாது, எனவே போலி. துடிப்பு உழைப்பால் ஏறும், வெயிலாலும் ஏறும், முந்திய இரவின் தூக்கக் குறைவாலும், காய்ச்சல் தொடங்கும் முன்னும், ஓடப் புறப்படுமுன் குடித்த கடுங்காப்பியாலும், பந்தயக் கோட்டில் நிற்கும் அச்சத்தாலும் ஏறும். சென்னைபோல் புழுக்கம் மிகுந்த ஊரில் ஒரே வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடுகிறவரின் எண், அவர் வேகத்தைச் சற்றும் கூட்டாத நிலையிலும் பத்து, பதினைந்து துடிப்பு மேலே போய்விடும். வியர்வையாக நீர் வெளியேறக் குருதியின் கனஅளவு குறைகிறது; உடலைக் குளிர்விக்கத் தோலுக்குக் குருதி திருப்பிவிடப்படுகிறது; ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ளும் குருதி சுருங்குவதால், அதை ஈடுகட்டத் துடிப்பின் எண்ணிக்கை கூடுகிறது. காலின் உழைப்பு மாறவில்லை, இதயத்தின் உழைப்பு மாறிவிட்டது. இவ்விரண்டில் எந்த உழைப்பைப் பயிற்சி என்று அழைப்பது என்பது எண்ணைப் பார்த்து விடைசொல்லக்கூடிய கேள்வி அன்று. அதற்கு முன்பே, பயிற்சியால் எதை வேண்டுகிறோம் என்று தீர்மானித்திருக்க வேண்டும்.

மூன்றாவது அளவையாகிய உரையும் இங்கே கடிகாரத்துக்குள் புகுந்து உட்கார்ந்திருக்கிறது. புதிதாக வாங்கிய கடிகாரம் அணிபவரின் வயதைக் கேட்டுக்கொண்டு, 220-இலிருந்து வயதைக் கழித்து, அதுவே அவருடைய உச்சத் துடிப்பு என்று வைத்து, அதற்குக் கீழே ஐந்து மண்டலங்களை ஐந்து நிறங்களில் வகுத்துக் கொடுப்பது பொதுவழக்கு. நாற்பது வயதினர் ஒருவருக்கு இப்படி 180 கிடைக்கும். இந்த வாய்பாடு 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்க இதய மருத்துவர் சாமுவேல் ஃபாக்ஸும் வில்லியம் ஹாஸ்கெலும், வெவ்வேறு ஆய்வுகளில் வெளியான தரவுகளை ஒரே படத்தில் குறித்துப் பார்த்து, புள்ளிகளின் ஊடே ஏறத்தாழ ஓடிய கோட்டிலிருந்து எடுத்தது. மக்களின் பயிற்சியை ஆளும் முழுமுதல் விதியாக அது கருதப்படவில்லை என்று ஹாஸ்கெலே பின்னர் கூறியிருக்கிறார். 2001-இல் ஹிரோஃபுமி தனாக்காவும் அவர் குழுவினரும் மிகப் பலரின் தரவுகளைத் தொகுத்து, 208-இலிருந்து வயதின் பத்தில் ஏழு பங்கைக் கழிக்க வேண்டும் என்று திருத்தினர். நாற்பது வயதில் இரண்டு வாய்பாடும் 180 என்றே சொல்ல, அறுபதில் பழையது 160 என்றும் புதியது 166 என்றும் பிரியும். இந்த ஆறு துடிப்பு வேறுபாட்டைப் பற்றி நடக்கும் விவாதம் ஒரு வகையில் வேடிக்கையானது. ஏனெனில் ஒரே வயதுடைய நலமான இருவரின் உண்மை உச்சங்கள் இருபது துடிப்புகூட விலகி நிற்கும், வாய்பாடு எதுவாயினும் அந்த விலகல் அதற்குள் அடங்காது. உரையை அளவையாக ஏற்போர் யாவரும் அதைச் சொன்னவர் ஆப்தரா, அதாவது பொருளை உள்ளபடி அறிந்து உள்ளபடி உரைப்பவரா, என்று முதலில் கேட்கச் சொல்வர். சொன்னவரே இது தோராயம் என்று கைகழுவிய ஒன்றை, திரையில் நிறத்தோடு வருகிறது என்பதற்காக ஆகமமாகக் கொள்வது விந்தையான பக்தி.

இவ்வளவு குறைகளைச் சொன்னபின், கருவியைக் கழற்றி வைத்துவிட்டு உடல் சொல்வதைக் கேட்டு ஓடினால் போதும் என்ற முடிவுக்கு வருவது எளிது. பலர் வந்தும் இருக்கிறார்கள். சித்தியார் அவர்களுக்கும் அவ்வளவு எளிதில் இடம் கொடுக்காது. காண்டலை அது வாயிற்காட்சி, மானதக்காட்சி, தன்வேதனைக்காட்சி, யோகக்காட்சி என நான்காக வகுக்கிறது. கண், காது முதலிய வாயில்களால் அறிவது முதலாவது. மனத்தால் அறிவது இரண்டாவது. தவத்தால் தடை நீங்கியோர் தொலைவில் உள்ளதையும் அறிவது இறுதியானது. ஓடுகிறவர் தம் களைப்பையும் இலகுவையும் அறிவது மூன்றாவதாகிய தன்வேதனைக்காட்சி. இன்பமும் துன்பமும் உயிருக்கு உள்ளேயே அனுபவமாவது அது. இங்கே அந்நூல் ஒரு நுட்பத்தைச் சேர்க்கிறது. இவ்வறிவு உயிருக்குக் கிட்டுவது அராகம் முதலிய தத்துவங்களின் வழியாகவே என்கிறது. அராகம் என்பது உயிரின் விருப்பை எழுப்பிப் பொருளின்மேல் செலுத்தும் தத்துவம். ஆகவே ஒருவர் தம் உடலை உள்ளிருந்து உணரும் உணர்வு, வேறு எதுவும் கலவாத தெளிந்த நீர்போல் வருவதில்லை. விரும்பும் ஆற்றலின் வழியாக வடிந்து, அதன் நிறத்தோடுதான் வருகிறது.

ஓட்டத்தில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். இலகுவாக ஓட வேண்டிய நாளில், முதல் இரண்டு கிலோமீட்டரில் எந்த வேகமும் இலகுவாகவே தோன்றும். பக்கத்தில் இன்னொருவர் ஓடி வந்தால், அவரைவிட ஓரடி முன்னே இருப்பது வலிக்காது. பின்னே விழுவதுதான் வலிக்கும். மேட்டில் ஏறும்போது எண் 150-ஐத் தாண்டிவிட, நடந்தால்தான் அது இறங்கும் என்ற நிலையில், நடக்கத் தடையாய் இருப்பது தசையின் வலிமைக் குறைவா என்றால் இல்லை. எதிரே வருகிறவர் என்ன நினைப்பார் என்ற எண்ணம்தான். தொடைத்தசைக்கும் நுரையீரலுக்கும் அப்பால் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது, தத்துவ நூல்கள் அதை அகங்காரம் என்கின்றன: செயலை எல்லாம் நான் செய்கிறேன் என்று எழும் உட்கருவி. மெல்லோட்ட நாளில் கருவி செய்யும் உண்மையான பணி இதயத்தை அளப்பது என்பதைவிட, இந்த அகங்காரம் உடலின் குரலில் பேசும்போது அதைக் காட்டிக்கொடுப்பது என்று கொள்வதே பொருந்தும். இதயத் துடிப்பு இதற்குத் தக்க சாட்சியாக அமைவதற்கும் காரணம் உண்டு. கால் எடுத்து வைப்பது விருப்பத்தின் ஆட்சிக்கு உட்பட்டது, மூச்சு பாதி உட்பட்டது, துடிப்பு நேரடியாக உட்படுவதே இல்லை. இதயத்தின் சொந்தத் தாளம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 100. ஓய்வில் அது 60, 70 என்று அடங்கியிருப்பது வேகஸ் என்னும் நரம்பு இடைவிடாது கடிவாளம் பிடித்திருப்பதால். ஓடத் தொடங்கியதும் முதலில் நடப்பது அந்தக் கடிவாளம் தளர்வதுதான். தளர்த்துவதும் இறுக்குவதும் ஓடுகிறவரைக் கேட்டு நடப்பதில்லை. அவருடைய பெருமையில் அதற்குப் பங்கில்லை.

ஆயினும் சாட்சியையே தலைவனாக்கிக்கொள்ளும் ஆபத்து உடனே பின்தொடர்கிறது. உயிருக்குச் சார்ந்ததன் வண்ணமாதல் என்ற இயல்பைச் சைவ சித்தாந்தம் அடிப்படையாகக் கொள்கிறது. பளிங்கு தன்னருகில் வைத்த பொருளின் நிறத்தையே தன் நிறமாகக் காட்டுவதுபோல, உயிரும் எதைச் சார்கிறதோ அதுவாகவே நிற்கும். பக்கத்து ஓட்டக்காரரைச் சார்ந்தபோது அவருடைய வேகமாக நின்ற அதே உயிர், எண்ணைச் சார்ந்ததும் எண்ணாகவே நிற்கத் தொடங்குகிறது. வேகத்தில் பெருமை கொண்டவர் இப்போது குறைந்த துடிப்பில் பெருமை கொள்வார். காலை எழுந்ததும் ஓய்வுத் துடிப்பு 48-லிருந்து 53-ஆனதைக் கண்டு, அதுவரை நலமாயிருந்தவர் அன்று முழுவதும் நலமில்லாதவராகிவிடுவார். அகங்காரம் ஒழியவில்லை, வீடு மாறியிருக்கிறது.

எண்ணோடு ஓடியும் எண்ணாகிவிடாமல் இருந்ததற்குச் சரியான எடுத்துக்காட்டு, கைக்கருவி எதுவும் இல்லாத காலத்திலிருந்தே கிடைக்கிறது. ஜெர்மானியப் பயிற்சியாளர் வோல்டெமார் கெர்ஷ்லர், 1939-இல் மிலானில் 800 மீட்டரை 1 நிமிடம் 46.6 விநாடியில் ஓடி உலகச் சாதனை படைத்த ருடால்ஃப் ஹார்பிகை உருவாக்கியவர். ஃபிரைபுர்க் நகரில் ஹெர்பர்ட் ரைண்டெல் என்ற இதய மருத்துவரோடு சேர்ந்து அவர் வகுத்த இடைவெளிப் பயிற்சியில், சிறு தூரத்தை விரைந்து ஓடி நாடியை 180-ஐ ஒட்டி ஏற்றி, பின் மெல்ல நடந்தோ ஓடியோ அது 120-க்கு இறங்கும்வரை பொறுத்து, மீண்டும் ஓடுவது முறை. விரல் வைத்து எண்ணுகிறவருக்குக் கணக்கும் எளிது: பத்து விநாடியில் முப்பது துடித்தால் 180, இருபது துடித்தால் 120. ஒன்றரை நிமிடத்துக்குள் நாடி இறங்காவிட்டால் அன்றைய வேகமோ தூரமோ மிகுதி என்று பொருள்; குறைக்க வேண்டும். இதயம் வலுப்பெறுவது ஓடும்போது அன்று, ஓட்டத்துக்குப் பிந்திய அந்த இடைவேளையில்தான் என்று அவர்கள் கருதினர். அக்கருத்தின் உடலியல் விளக்கம் பின்னாளில் பலவாறு மறுக்கப்பட்டது, அது வேறு கதை. மெய்யியல் நோக்கில் கவனிக்க வேண்டியது, அங்கே எண் கேட்கப்பட்ட விதம். ஓடும்போது எண்ணைத் துரத்தவில்லை. ஓடி முடித்து, நின்று, கழுத்தில் விரல் வைத்து, உடலிடம் இனி முடியுமா என்று ஒரு கேள்வி கேட்டு விடைக்குக் காத்திருந்தார்கள். எண்ணுவதும் தொடுவதும் அங்கே ஒரே செயலாக இருந்தன. விரலின்கீழ் நாடி பொங்குவதையும் தணிவதையும் உணராமல் அதை எண்ணவே முடியாது.

ஸ்வீடன் உளவியலாளர் குன்னர் போர்க் 1960-களில் அமைத்த அளவுகோல் இதே இணைப்பை மறுமுனையிலிருந்து தேடியது. உழைப்பு எவ்வளவு கடினமாகத் தோன்றுகிறது என்று உழைப்பவரையே கேட்டு, சிறிதும் உழைப்பில்லை என்பதற்கு 6 முதல் இதற்குமேல் முடியாது என்பதற்கு 20 வரை ஓர் எண்ணைச் சொல்லச் சொல்வது அது. 6-இல் தொடங்குவது விசித்திரமாகத் தோன்றும். ஓய்வில் 60 துடிப்பும் உச்சத்தில் 200 துடிப்பும் உடைய இளைஞர் சொல்லும் எண்ணைப் பத்தால் பெருக்கினால் அவருடைய துடிப்பு ஏறத்தாழ வந்துவிட வேண்டும் என்பதே காரணம். தன்வேதனைக்காட்சிக்கும் கருதலுக்கும் ஒரு பொது நாணயம் அச்சடிக்கப்பட்டதுபோல் இது. ஓட்டப் பயிற்சியில் இதைக் கையாளும் நல்ல முறை ஒன்று உண்டு. கடிகாரத்தைப் பார்க்குமுன் எண் என்னவாக இருக்கும் என்று மனத்தில் சொல்லிக்கொண்டு, பிறகு பார்ப்பது. தொடக்கத்தில் ஊகம் இருபது துடிப்பு தவறும். தவறுவது பெரும்பாலும் ஒரே பக்கமாக, உழைப்பைக் குறைத்து மதிப்பிடும் பக்கமாக, இருந்தால் அராகம் எவ்வளவு தடிப்பாகப் படிந்திருக்கிறது என்று தெரியவரும். ஊகமும் எண்ணும் நெருங்கி வந்தபின் அவை திடீரென விலகும் நாளில், வெயிலா, நோயா, கடிகாரப் பட்டையின் தளர்ச்சியா என்று தேடுவதற்கும் ஒரு காரணம் கிடைக்கும்.

தீர்ப்புரிமை முடிவாக யாருக்கு என்ற கேள்வியில், துடிப்பு எண்ணை உலகுக்குக் கொடுத்த இதய மருத்துவமே சில இடங்களில் கைகாட்டும் திசை கவனத்துக்குரியது. உயர் குருதியழுத்தத்துக்கோ இதய நோய்க்கோ பீட்டா தடுப்பு மருந்து உட்கொள்வோருக்கு, எவ்வளவு உழைத்தாலும் துடிப்பு ஓர் எல்லைக்குமேல் ஏறாது. அவர்களுக்கு மேற்சொன்ன வாய்பாடுகள் பொருந்துவதில்லை. மாற்று இதயம் பொருத்தப்பெற்றவரின் நிலை இன்னும் விந்தையானது. அறுவையின்போது நரம்புத் தொடர்பு அறுபட்டுவிடுவதால், புதிய இதயம் கடிவாளமின்றித் தன் சொந்தத் தாளத்தில், ஓய்விலும் நிமிடத்துக்கு 90 முதல் 110 வரை துடிக்கிறது. அவர் ஓடத் தொடங்கியதும் அது ஏறுவதில்லை. குருதியில் கலந்து வரும் சுரப்புநீர் வந்து எட்டிய பின்னரே, சில நிமிடம் கழித்து மெதுவாக ஏறுகிறது. அவர் நின்றபின்னும் உடனே இறங்காமல், நெடுநேரம் தனியே ஓடிக்கொண்டிருக்கிறது. மார்பில் உள்ள துடிப்புக்கும் காலின் உழைப்புக்கும் இடையே எந்த நேரத்தில் எவ்வளவு உறவு என்று கடிகாரத்தால் சொல்ல இயலாத அந்நிலையில், மறுவாழ்வுப் பயிற்சி அளிப்பவர் போர்க்கின் அட்டையை ஓடுபொறியின் எதிரே மாட்டிவைத்து, சிறிது நேரத்துக்கு ஒருமுறை, எவ்வளவு கடினமாக இருக்கிறது என்று ஓடுகிறவரையே கேட்கிறார். அவர் 12 என்றோ 13 என்றோ சொல்லும் சொல்லைக் கேட்டுத்தான் பொறியின் வேகத்தைக் கூட்டுகிறார் அல்லது குறைக்கிறார்.